புதுப்பிப்பு: ஓபன்சிவி ஒருவழியாக கம்பைல் ஆகிவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, தண்டையார்பேட்டை வீட்டு மாடியிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலை கன்டெய்னர் லாரிகளை வீடியோவில் எண்ண ஓபன்சிவியை (படம், வீடியோவை அலசும் மென்பொருள் நூலகம்) சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றி, கம்பைல் செய்கிறேன், படத்தைக் காட்டும் ஜன்னல் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது என்று. சரியாகிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். கம்பைலுக்கு முன் கம்ப்யூட்டரில் தேவையானவை இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்கும் கருவி சிமேக். அது ஓடி முடிந்ததும் கடைசியில் ஒரு நீளமான சுருக்கம் காட்டும். அதை நான் படிக்கவே இல்லை. அதில் 'ஜியுஐ' (ஜன்னல் காட்டும் வசதி) என்ற வரிக்கு எதிரே 'நன்' (NONE, எதுவும் இல்லை) என்று இருந்தது. ஜன்னல்களை வரைய உதவும் ஜிடிகே நூலகத்தின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லையென்றால் சிமேக் எரர் எதுவும் தராமல் அந்த வசதியை மட்டும் கமுக்கமாக விட்டுவிடுகிறது. பேக்கேஜைப் போட்டு மறுபடி ஓட்டினேன், அப்போதும் நன்! பழைய தேடல் முடிவை சிமேக் தன் கேஷ் ஃபைலில் சேமித்து வைத்துக்கொண்டிருந்தது. பில்டு ஃபோல்டரையே அழித்துவிட்டுத் தொடங்கியதும் ஜிடிகே வந்தது.

அப்புறம் ரேம். 4 ஜிபி லேப்டாப்பில் கம்பைலை நடத்தும் 'மேக்' (make) கட்டளையை ஒரே நேரத்தில் நான்கு வேலையாக ஓட்டினால், ரேம் போதாமல் பாதியில் கம்பைலரை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலே கொன்றுவிடுகிறது. இரண்டாகக் குறைத்தேன், ஓபன்சிவியோடு வரும் டெஸ்ட்களையும் பெர்ஃப் (வேக) டெஸ்ட்களையும் ஆஃப் செய்தேன். நடுவில் கரண்ட் போனது வேறு கதை. மேக் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

இன்ஸ்டால் முடிந்ததும் புதிய நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்று சிஸ்டத்துக்குத் தெரியப்படுத்தும் எல்டிகான்ஃபிக் (ldconfig) கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். நான் அதற்கும் அரை மணி நேரம் முழித்தேன்.

லாரி எண்ணிக்கை இன்னும் சரியாக வரவில்லை. தண்ணீர் லாரியையும் கன்டெய்னர் என்கிறது.