பொருள்: ‘சிமுலேஷன்’ – ‘ஒப்பியக்கம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். இந்தப் பிரபஞ்சமே ஒரு கணினி ‘சிமுலேஷன்’ ஆக இருக்கலாம் என்ற பேச்சில், அந்தச் சொல்லுக்கு (ஒன்றின் இயக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்கு) தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் கேட்டிருந்தார்கள். பாவனை, உருவகம், மாயை, போலி, ஒப்புரு, சிற்றில் என்று யோசனைகள் வந்தன.

‘பாவனை’ வேண்டாம் என்று யாழ்ப்பாண நண்பர் சொன்னதை ஏற்கிறேன். அவர் ஊரில் பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். ‘பிரபஞ்சப் பாவனை’ என்றால் யாரோ பிரபஞ்சத்தைக் கடையில் வாங்கி உபயோகிப்பது போலாகிவிடும். ‘உருவகம்’ இலக்கண வகுப்பின் சொத்து. கோவை ஐயாவின் ‘மாயை’யை எடுத்தால் பேச்சு சங்கரரிடம் போய்விடும், கணினிப் பக்கம் திரும்பவே திரும்பாது.

என் சண்டை ‘போலி’யோடுதான். தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் 2003இல் முன்வைத்த வாதம் இந்த உலகத்தைப் போலி என்று சொல்லவில்லை. மூன்றில் ஒன்றாவது உண்மை என்கிறது: நம்மைப் போன்ற நாகரிகங்கள், மனிதர்களையே கணினியில் ஓட்டிப் பார்க்கும் அளவுக்குக் கணிப்புத் திறனை எட்டும் முன்பே அநேகமாக அழிந்துவிடும், எட்டியவையும் தம் மூதாதையரைக் கணினியில் ஓட்டிப் பார்க்க அக்கறை காட்டா, இரண்டும் இல்லையென்றால், ஓட்டப்படுகிறவர்கள் ஏறக்குறைய நிச்சயமாக நாமேதான். மூளையில் மட்டுமல்ல, கணினியிலும் மனம் இயங்கும் என்பது இதன் அடிப்படை ஊகம். அப்படியானால் உள்ளே இருப்பவனுக்கும் பல்வலி பல்வலிதான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் என் அம்மா பால் வெட்டப் பழகியது, மறுநடவுக்காகச் சாய்க்கவிருந்த கிழட்டு மரங்களில். கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கினாலும் கங்காணி திட்டமாட்டாராம். ஆனால் கோடு சரியாக விழுந்தால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் சொட்டும். அதைப் ‘போலி வெட்டு’ என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்!

அதனால் ஒப்பு + இயக்கம், ‘ஒப்பியக்கம்’. வினைக்கு ஒப்பியக்கு, கருவிக்கு ஒப்பியக்கி, போஸ்ட்ரம் பேசுவது மூதாதையர் ஒப்பியக்கம். முன்பு சிலர் சொன்ன ‘ஒப்புரு’ சிலை மாதிரி அசையாமல் நிற்கிறது. இங்கே காலம் ஓட வேண்டும்.

‘சிற்றில்’ என்று சகோதரி ஒருவர் சொன்ன யோசனை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பிள்ளைத்தமிழில் சிறுமியர் கட்டிய சிற்றிலை, அந்த மணல்வீட்டை, சிதைக்க ஒரு சின்னப் பாதம் வரும். இயந்திரத்தை யாராவது அணைத்துவிட்டால் என்னாகும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் புயலின் பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வானிலையாளர் ‘புயல் சிற்றில்’ என்று எழுதுவாரா? கவிஞர்களுக்கு விட்டுவிடுவோம்.

இங்கே பிள்ளைகள் மலாயில் ‘சிமுலாசி’ என்று படித்துவிட்டு வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். நேற்றுப் பக்கத்து வீட்டுப் பையனிடம் ‘ஒப்பியக்கி’ என்றேன். “விமானம் ஓட்டப் பழகுவார்களே, அதுவா அங்கிள்?” என்றான்.