சிங்கப்பூர் விலங்குத் தோட்டம்: 14 பேர் கொண்ட குழுவுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி

வரும் விடுமுறையில் நான்கு குடும்பத்தினர் சேர்ந்து, 14 பேராகச் சிங்கப்பூர் செல்கிறோம். அதில் ஒரு நாளை மண்டாயிலுள்ள விலங்குத் தோட்டத்துக்கென்றே ஒதுக்கியுள்ளோம். குழுவில் எழுபதைக் கடந்த இருவரும், முழங்கால் வலியுள்ள என் அத்தையும், சிறு குழந்தைகள் மூவரும் இருக்கிறார்கள். முன்பு வேறொரு நாட்டில் இப்படிச் சென்றபோது, வழிகாட்டி இரண்டே மணி நேரத்தில் எங்களை விரட்டிக்கொண்டே போனதால், ஒட்டகச்சிவிங்கி தலையைத் திருப்பும்வரை நிற்கக்கூட என் மகளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை. இம்முறை எல்லாரும் ஒன்றாகவே சுற்றுவதா, பிரிந்து சென்று பிறகு கூடுவதா? அன்றிரவே, இரவு நேர விலங்குக் காட்சியகமான நைட் சஃபாரியையும் பார்த்துவிட முடியுமா?

மறுமொழி 1

பிரிந்து செல்லுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. 14 பேர் ஒன்றாக நடந்தால், ஒருவர் கழிப்பறைக்கும் ஒருவர் படம் எடுக்கவும் நிற்க, மற்றவர்கள் காத்திருப்பதிலேயே காலைப்பொழுது கரைந்துவிடும். அங்கே காலைப்பொழுதுதான் விலைமதிப்பற்றது. வெயில் ஏறினால் பெரும்பாலான விலங்குகள் நிழல் தேடி ஒதுங்கிவிடுகின்றன. பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவதும் அந்த ஊரில் வழக்கமானதே. ஆகவே தோட்டம் திறக்கும் நேரத்திலேயே உள்ளே இருங்கள்.

1973இல் திறக்கப்பட்ட அந்தத் தோட்டத்தில் கம்பிக் கூண்டுகளைவிட அகழிகளும் செடிகொடிகளுமே பெரும்பாலும் எல்லையாக இருப்பதால், விலங்குக்கும் நமக்கும் இடையே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். மனிதக் குரங்குகளான ஒராங்ஊத்தான்கள் தலைக்கு மேலே கயிறுகளில் நடந்து செல்லும். நாங்கள் சென்ற அன்று தூறல் விழுந்தது. குட்டியை இடுப்போடு அணைத்திருந்த ஒரு தாய், அகன்ற இலையொன்றை முறித்துத் தன் தலைக்குக் குடையாகப் பிடித்தபடி, மழை விடும்வரை அசையாமல் அமர்ந்திருந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றோம். அதற்காக வெள்ளைப் புலியைத் தவறவிட்டதில் எங்களுக்குச் சிறிதும் வருத்தமில்லை. ஒவ்வொரு குடும்பமும் தான் விரும்பும் நான்கைந்து விலங்குகளை முன்பே தேர்ந்துகொண்டு, அவற்றின் முன் பொறுமையாக நிற்பதே நல்லது.

மறுமொழி 2

மூத்தோருக்கு ஒரு சொல்: உள்ளே டிராம் வண்டி ஓடுகிறது, சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். தங்கள் அத்தை நடந்தே தீர வேண்டியதில்லை. காத்திப் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து மண்டாய்க்குத் தனிப் பேருந்து உண்டு. 14 பேரும் ஒரே பேருந்தில் ஏற முடியாமல் போகலாம் என்பதால், கூடுமிடம் நுழைவாயில் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

மறுமொழி 3

நைட் சஃபாரியை அதே நாளில் வைக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 1994இல் தொடங்கிய, இரவில் நடமாடும் விலங்குகளுக்கென்றே அமைந்த அந்த இடத்துக்குத் தனி நுழைவுச்சீட்டு வேண்டும். இருட்டத் தொடங்கும் வேளையில்தான் திறக்கிறார்கள். பகலெல்லாம் நடந்த குழந்தைகள் அங்கே டிராமில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். என் மகன்கள் இருவரும் அப்படித்தான் தூங்கினார்கள். இயலுமானால் வேறொரு மாலையை ஒதுக்கிச் செல்லுங்கள். அங்கே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நைட் சஃபாரியை இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டோம். குடும்பவாரியாகப் பிரிந்து, மதியம் 12 மணிக்கு நுழைவாயிலருகே கூடுவதாக முடிவு செய்துள்ளோம். அத்தை டிராமில் வருவார். ஒராங்ஊத்தான்களிடம் மட்டும் தம்மை இறக்கிவிட்டு, அவசரப்படுத்தாமல் விட்டுவிட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.