போர்வை வீடு சரிந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
என் மகளுக்கு 5 வயது, அவள் தம்பிக்கு 2. நான்கு நாற்காலிகளை நிறுத்தி, மேலே கம்பளியைப் போட்டு வீடு கட்டுகிறோம். அவள் உள்ளே போய்ப் பொம்மைகளைப் படுக்க வைப்பதற்குள் கூரை நடுவில் தொங்கிவிடுகிறது. சின்னவன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நாற்காலியோடு எல்லாம் கீழே. நேற்று மூன்றாவது முறை விழுந்ததும் "எனக்கு வீடே வேண்டாம்" என்று அழுதுவிட்டாள். கூடாரம் வாங்கித் தர எனக்கு மனமில்லை. அவள் கையால் கட்டியது நிற்க வேண்டும்.

பதில் 1:
முதலில் கம்பளியை எடுத்துவிடுங்கள், கனம் அதிகம். மெல்லிய பருத்தி விரிப்பு போதும். நாற்காலி முதுகுகள் உள்பக்கம் இருக்கட்டும், உட்காரும் பலகை வெளியே வரட்டும். துணி முதுகை உள்ளே இழுக்கும்போது, பலகைமேல் அடுக்கிய புத்தகங்கள் நாற்காலியைச் சாயவிடாது.

பதில் 2:
மூன்று பிள்ளைகளோடு பல வருடங்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் கண்டது இதுதான்: துணி தன்னைத்தானே தாங்காது, அதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். ஜன்னல் கம்பி மாதிரி அசையாத இரண்டு இடங்களுக்கு நடுவே கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். உயரம் மகளின் தலைக்குச் சற்று மேலே இருந்தால் சரி. புத்தக அலமாரியில் மட்டும் கட்டாதீர்கள், இழுத்தால் அதுவே சாயும். கயிற்றின் மேல் விரிப்பைப் போட்டு இரு பக்கமும் சரிவாக இழுத்தால் நடுவில் தொங்க இடமே இல்லை.

மூலைகளை எப்படிக் கட்டுவது என்றுதான் எல்லோரும் திணறுவார்கள். துணியின் மூலையில் ஒரு காலுறையை உருட்டி வைத்து, அதைச் சுற்றித் துணியைக் குவித்து, அந்தக் குவியலின் கழுத்தில் கயிற்றை முடியுங்கள். உள்ளே உருண்டை இருப்பதால் முடிச்சு வழுக்கி வராது. கோலிக்குண்டும் வைக்கலாம்தான், ஆனால் 2 வயதுப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும், வேண்டாம். கயிற்று நுனிகளைத் தொங்கவிடாமல் வெட்டிவிடுங்கள். விளையாடி முடித்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், இருட்டில் யார் கழுத்திலாவது மாட்டும்.

உருண்டை வைக்கும் வேலையை மகளிடமே விடுங்கள். என் நடுப்பிள்ளை அதை "துணிக்குக் கொண்டை போடுவது" என்பான். அந்த வேலை கிடைத்த பிறகு வீடு சரிந்தால்கூட அவன் அழுததில்லை, எந்தக் கொண்டை அவிழ்ந்தது என்று தேடப் போய்விடுவான்.

பதில் 3:
பெரிய அட்டைப்பெட்டி கிடைத்தால் சின்னவனுக்குத் தனி அறை! அட்டைக்குள் ஓடும் வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வையுங்கள், சுவர் மடங்காது. மூன்று பக்கம் மட்டும் வெட்டி, அந்த வரியையொட்டி மடித்தால் கதவு தயார். கத்தி உங்கள் கையில், எங்கே வெட்டுவது என்று கோடு போடுவது அவர்கள். வெளிச்சத்துக்கு பேட்டரி டார்ச் போதும், சூடாகும் விளக்கு துணிக்குள் போகவே கூடாது.

கேட்டவர்:
கயிறு கட்டினோம். நான்கு கொண்டையும் அவளே போட்டாள், அதில் ஒன்று மட்டும் இரண்டு முறை அவிழ்ந்தது, மறுபடி கட்டினாள். சின்னவன் பெட்டிக்குள்ளிருந்து கதவைத் திறந்து திறந்து மூடுகிறான். இரவு பிரிக்கலாம் என்றேன், துணியை மடித்து வைத்தாள். நான்கு காலுறை உருண்டைகளை மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.