காரைக்குடியிலிருந்து புதுச்சேரிக்குக் கேரவன்: எந்த வழி நல்லது?

வணக்கம். பொங்கல் முடிந்ததும் ஆச்சியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாடகைக் கேரவனில் புதுச்சேரி போகிறோம். வழி விஷயத்தில் வீடே இரண்டு கட்சியாக நிற்கிறது.

திருச்சி, விழுப்புரம் வழியாகப் போனால் லெம்பலக்குடி, லெட்சுமணப்பட்டி, சமயபுரம் என்று சுங்கச்சாவடிகள் வரிசை கட்டும். ஆனால் சாலை அகலம். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம், சிதம்பரம் வழியில் கடலோரக் காற்று உண்டு. கடைத்தெருக்களில் இவ்வளவு உயரமான வண்டி நுழையுமா என்பதுதான் கவலை. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆச்சியின் சீப்புச்சீடை டின்கள் உருளும், அது வேறு!

என் பெரிய சந்தேகம் ஃபாஸ்டேக் பற்றியது. மஞ்சள் பலகை வண்டி என்பதால் ஆண்டு பாஸ் கிடையாது. அது சொந்த வண்டிகளுக்கு மட்டும். வண்டிக்காரர் 'கார், ஜீப், வேன்' பிரிவில் டேக் ஒட்டியிருக்கிறார். பார்வைக்கோ மினிபஸ் போல இருக்கிறது. சாவடியில் நிறுத்தி மினிபஸ் கட்டணம் கேட்பார்களா? டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு. ஆகவே முன்பே தெளிவாகிவிட வேண்டும்.

கேரவன் ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள், பதிவுச் சான்றில் எந்த வரியைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லுங்கள். இரவில் நிறுத்திச் சமைக்கத் தோதான இடம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.