256 போதும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி

தோல்வாத்தியம்:
வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு 'ஒலித்தட்டு' நேற்று உபதேசம் எழுதியிருக்கிறார். பஃபரை, அதாவது கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் தொகுதியை, 256 சாம்பிளில் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளிகளில்) வைத்தால் தாமதம் 5 மில்லி வினாடிதானாம், அதை உணர்வதாகச் சொல்பவர்கள் கற்பனை செய்கிறார்களாம். இருபது வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். என் காது கேட்பதைக் கற்பனை என்று சொல்ல இவர் யார்? மைக்கிலிருந்து கணினிக்குள் போக ஒரு 256, ஹெட்போனுக்கு வெளியே வர இன்னொரு 256. போக வரக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஒலித்தட்டு:
வினாடிக்கு 48,000 சாம்பிள். 256-ஐ 48,000-ஆல் வகுத்தால் 5.3 மில்லி வினாடி. பள்ளிக்கூடக் கணக்கு. காற்றில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது, அந்த 5.3-இல் இரண்டு மீட்டர்கூடத் தாண்டாது. கச்சேரி மேடையில் பாடகருக்கும் உங்களுக்கும் அவ்வளவு தூரம் இருக்கிறதே, அங்கே தாளம் தப்புகிறதா?

தோல்வாத்தியம்:
பாடகர் குரல் இரண்டு மீட்டர் தள்ளி வரட்டும். என் 'தொம்' என் இடது உள்ளங்கைக்குக் கீழே பிறக்கிறது. ஹெட்போனை மீறி நேராகவும் காதில் விழுகிறது, கணினி வழியாகப் பிந்தியும் விழுகிறது. 256-இல் ஒரு தொம் இரண்டாகப் பிளக்கிறது. மேல்காலத்தில், வேகம் கூடும்போது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குக் கேபிள் போட்டு, ஒரு கிளிக் அனுப்பி அளந்தேன். 672 சாம்பிள் பிந்தி வந்தது. 14 மில்லி வினாடி! 64-இல் 288, அதாவது 6.

புதுவயலின்:
அண்ணா, நான் 64-இல் வைத்தால் ஒலி படபடவென்று வெடிக்கிறது. என்ன செய்யலாம்?

கம்பிச்சுருள்:
தம்பி, விண்டோஸின் பொது டிரைவரை விட்டுவிட்டு, இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நிறுவனம் தரும், தாமதம் குறைந்த ஆசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள். மின்சேமிப்பு முறையை நிறுத்துங்கள். பதிவு முடியும்வரை வைஃபையை அணையுங்கள். அதன் டிரைவர் இடையில் புகுந்து பிராசஸரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. எல்லா ஒலியும் சேரும் மாஸ்டர் டிராக்கில் லீனியர் ஃபேஸ் ஈக்குவலைசர் (ஒலியின் தொனியைத் திருத்தும் ஒரு வகை மென்பொருள்) இருந்தால் எடுத்துவிடுங்கள். பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அது தன் தாமதத்தைச் சேர்த்தே தீரும். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

ஒலித்தட்டு:
கேபிள் சோதனை செய்தாராம். பிந்தி வந்த பதிவைத் தானாக முன்னே நகர்த்தும் மென்பொருளின் தாமத ஈடுசெய்தலை நிறுத்திவிட்டு அளந்தீர்களா? 96,000 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 96,000 சாம்பிள்) ஒலி இனிக்கும் என்று போன மாதம் எழுதியவர்தானே நீங்கள்.

தோல்வாத்தியம்:
அதை நிறுத்தாமல் அளந்திருந்தால் 672 வந்திருக்காது, பூஜ்யத்தை ஒட்டி வந்திருக்கும். இதுகூடத் தெரியாமல்தான் ஊருக்கு உபதேசமா? 96,000-இல் இனிக்கும் என்று நான் எழுதவே இல்லை. அதே 256 பாதி நேரத்தில் நிரம்பும், பிராசஸருக்குச் சுமை கூடும் என்றுதான் எழுதினேன். அன்றைக்கும் பாதி படித்துவிட்டுத்தான் சண்டைக்கு வந்தீர்கள்.

கம்பிச்சுருள்:
இன்டர்ஃபேஸில் நேரடிக் கேட்புக்கான பொத்தான் இருக்கிறதே. அதை அழுத்தினால் மைக்கின் ஒலி கணினிக்குள் போகாமலே காதுக்கு வரும். பஃபர் 1024 ஆனாலும் கவலையில்லை.

ஒலித்தட்டு:
நானும் முதலிலிருந்து அதைத்தான் சொல்கிறேன்.

தோல்வாத்தியம்:
ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை, மேலே போய்ப் படியுங்கள். என் இன்டர்ஃபேஸில் நேரடிக் கேட்பில் ரிவெர்ப் (மண்டபத்தில் பாடுவதுபோன்ற எதிரொலிப்பு) வராது. வறண்ட குரலைக் கேட்டுக்கொண்டு ஆலாபனை செய்ய என்னோடு பாடுகிறவர் சம்மதிப்பதில்லை. கணினி வழியாகக் கொடுத்தால், தலைக்குள் கேட்கும் தன் குரலும் பிந்தி வரும் குரலும் கலந்து, குடத்துக்குள் பாடுவதுபோல் இருக்கிறது என்கிறார். அவரும் கற்பனை செய்கிறாரா?

ஒலித்தட்டு:
பழகாத பாடகருக்கு எல்லாமே குறைதான். 256. நான் மாற்றப்போவதில்லை.

தோல்வாத்தியம்:
யாரையும் மாற்றச் சொல்லவில்லை. போக வர எவ்வளவு? இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

புதுவயலின்:
வைஃபையை அணைத்தேன். 128-இல் வெடிப்பு நின்றுவிட்டது. 64-இல் இன்னும் வருகிறது.

ஒலித்தட்டு:
பார்த்தீர்களா, 64 ஆகாது!

தோல்வாத்தியம்:
128-இல் நின்றது என்று எழுதியிருக்கிறார், 256-இல் இல்லை. தம்பி, ஒரு கேபிள் போட்டு 128-க்கும் 256-க்கும் அளந்து இங்கே எழுதுங்கள். இவர் எழுதமாட்டார்.