கண்டென்ஸ்டு, இட்டாலிக், டிஸ்பிளே: எழுத்துருப் பெயர்களுக்குச் சொல் தேடி

வணக்கம் ஐயா,

எழுத்துரு வகைகளின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் பட்டியல் போடுகிறோம் அல்லவா, அதில் அகலம் குறைத்து வரைந்த 'கண்டென்ஸ்டு' வகை பற்றி நீங்கள் கேட்டது:

> கண்டென்ஸ்டு என்பதற்கு 'நெருக்கிய' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம். நெருக்குவது எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை. இங்கே குறைவது எழுத்தின் அகலம். 'குறுகிய' என்றாலோ உயரமும் குறைந்ததோ என்று கேட்பார்கள். கடலூர்ப் பக்கம் 'ஒடுக்கமான சந்து' என்போமே, நீளம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் போயிருக்கும். எனவே 'ஒடுங்கிய' என்பது என் பரிந்துரை.

'அமுக்கிய' என்று இன்னொருவர் சொன்னது அறவே ஒத்துவராது. திருப்பாதிரிப்புலியூர் என்று 11 எழுத்தையும் ஒரு பலகையில் அடக்க வேண்டும். பிளெக்ஸ் கடையில் என்ன செய்கிறார்கள்? கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் பக்கவாட்டில் பிடித்து அமுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிற்கும் கோடு மெலியும், படுத்த கோடு பழைய கனத்திலேயே கிடக்கும். 'ப'வுக்கு அடிக்கோடு தடித்து, இரண்டு காலும் குச்சியாகிவிடும். 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். முறையாக வரைந்த எழுத்துருவில் கால்களின் கனம் குறையாது. சுழியை நெட்டையாக்கி உள்ளே வெள்ளை விட்டிருப்பார்கள். அமுக்கியதும் ஒடுங்கியதும் ஒன்றல்ல.

இட்டாலிக்குக்கு 'சாய்வு' போதும். 1501இல் வெனிசில் ஆல்டஸ் மனுஷியஸ் அச்சிட்ட, ரோமக் கவிஞர் வர்ஜிலின் நூலில் வந்தது, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்து. அது கையெழுத்தைப் பின்பற்றியது. அதனால்தான் ஆங்கிலத்தில் சாய்வுக்குப் போனால் சின்ன 'ஏ'யின் வடிவமே மாறுகிறது. நாம் தமிழில் பெரும்பாலும் நேர் எழுத்தைச் சாய்க்கிறோம், அவ்வளவுதான். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளி வலப்பக்கம் ஓடிவிடாமல் கண்ணளவில் பார்த்து வைக்க வேண்டும்.

தலைப்பு, விளம்பரம் என்று பெரிய அளவில் போடுவதற்கான டிஸ்பிளேதான் இழுபறி. 'காட்சி எழுத்துரு' என்கிறார்கள். கண்ணில் படாத எழுத்து எது? 'தலைப்பெழுத்து' இனிஷியலுக்குப் போய்விட்டது. கடை முகப்பு, நூல் முகப்பு இரண்டுக்கும் பொருந்துவதால் 'முகப்பு எழுத்துரு' எனலாமா?

கடலூரிலிருந்து

—

ஐயா,

'ஒடுங்கிய' சரி. பட்டியலில் ஏற்றும்போது யாரும் அதை 'ஒடுக்கப்பட்ட' என்று மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடக்குமுறை வாடை வந்துவிடும்.

'முகப்பு' மட்டும் தனியே நின்றால் இணையதள முதல் பக்கத்தோடு குழம்பும். 'எழுத்துரு' கூடவே வருவதால் பரவாயில்லை. ஆக, போல்டுக்கான 'தடித்த' என்பதையும் சேர்த்தால், 'தடித்த ஒடுங்கிய சாய்வு முகப்பு எழுத்துரு'. நீளம்தான், ஆனால் மெனுவில் 'தடிப்பு', 'ஒடுங்கியது', 'சாய்வு' என்று தனித்தனியாகத்தானே வரும்.

பயன்பாட்டுக் குறிப்பும் ஒரு வரி வேண்டும்: கபடிப் போட்டிச் சுவரொட்டி, தள்ளுபடி விளம்பரம், நாளிதழ் வால்போஸ்டர் ஆகியவற்றுக்கு நல்லது, பத்திக்கு ஆகாது. இங்கே புதுச்சேரியில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் இதைப் போட்டிருந்தார்கள். இறந்தவர் பந்தயத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது.

புதுச்சேரியிலிருந்து