ஆண் வாத்தின் ‘எக்லிப்ஸ்’ கோலம்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஊசிவால் வாத்து பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறேன். இணைசேரும் காலத்தில் ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, கழுத்தின் பக்கவாட்டில் மேலேறும் வெள்ளைக் கீற்று, ஊசிபோல் நீண்ட நடுவால் இறகுகள். பெடை அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் விலகிப் போய்விடுகிறது. கோடையில் அந்த அழகெல்லாம் உதிர்ந்து, ஏறக்குறையப் பெடையின் பழுப்புக்கு வந்துவிடுகிறது. பிறகு இறக்கையின் பறப்பிறகுகள் அத்தனையும் ஒருசேர உதிர்கின்றன. மூன்று நான்கு வாரம் பறக்கவே முடியாமல் நாணலுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. இந்தப் பழுப்புக் கோலத்தைத்தான் ‘எக்லிப்ஸ்’ என்கிறார்கள். ‘கிரகணக் கோலம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். உதவுங்கள்.
– செ.

செ. அம்மா, அடித்தது சரி. கிரகணம் என்றால் பற்றுதல். அதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது. ‘திங்களைப் பாம்புகொண் டற்று’ என்கிறது குறள் (1146). கொள் என்பது முதல்நிலை நீண்டு கோள். கொள்ளை, கொண்டி எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. கோள், கோலத்தோடு புணர்ந்தால் ‘கோட்கோலம்’. நாவிலும் நிற்கும்.
– ந.மு.

ந.மு. ஐயாவுக்கு: கோட்கோலம் என்றதும் வாசகருக்குக் கோள்மூட்டுவது நினைவுக்கு வரும், அதைத் தாண்டினால் செவ்வாயும் வியாழனும். பொருளும் பொருந்தவில்லை. வாத்தை எதுவும் பற்றவில்லை. பறக்க முடியாத வாரங்களில் வெள்ளைக் கழுத்தோடு நீந்தினால் நரிக்கும் கழுகுக்கும் எளிதில் கண்ணில் படும். பழுப்பு நிறம் நாணலோடு கலந்துவிடும். எளிமையாக ‘மங்கற்கோலம்’ என்று போடலாமே?
– இ.ரா.

மங்கற்கோலத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘மங்கலக்கோலம்’ என்றே காதில் விழுகிறது. மணக்கோலத்தைக் களைந்த பறவைக்கு அதற்கு நேர்மாறான பெயரா? ஒளிதல்தான் கருத்து என்றால் ‘கரந்துறை கோலம்’ இருக்கிறது.

இன்னொன்று. பெண்ணைப் பெடை என்று அழகாக எழுதிய அம்மா, ஆணை மட்டும் ஏன் ஆண் என்றே விட்டார்? ‘சேவற் பெயர்க்கொடை சிறகொடு சிவணும் மாயிருந் தூவி மயிலலங் கடையே’ என்று தொல்காப்பியத்தின் மரபியல் சொல்கிறது. மயில் நீங்கலாகச் சிறகுள்ள எல்லாவற்றின் ஆணும் சேவல்தான். அந்த உரிமையைக் கோழிக்கு மட்டும் யார் எழுதிக்கொடுத்தது?
– ந.மு.

வகுப்பறையில் நிற்கிறவளாகச் சொல்கிறேன் ஐயா. ‘ஊசிவால் சேவல்’ என்று படித்ததும் பிள்ளைகள் கொண்டையைத் தேடுவார்கள். ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற் றிளமை’ என்பதும் அதே மரபியல்தான். அதற்காக வாத்துக் குஞ்சைப் பார்ப்பு என்று இன்று எழுதுகிறோமா? கரந்துறை கோலம் இனிமையானது. ஆனால் எட்டாம் வகுப்பில் முதலில் கரத்தலை விளக்கிவிட்டுத்தான் வாத்துக்கே வர முடியும். ‘இடைக்கோலம்’ போதாதா? இரண்டு பளிச்சென்ற கோலங்களுக்கு நடுவே வருவதுதானே.
– வ.

இளம் பறவை முதிர்வதற்குள் அணிகிற கோலமும் இடையில் வருவதுதான், வ. அம்மா. இரண்டும் குழம்பிவிடும். கட்டுரையில் இன்னொன்றும் சேரட்டும்: இறக்கை இறகுகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறுகின்றன. அதனால் பழுப்புக் கோலத்திலும் ஆணின் இறக்கை ஆணுடையதாகவே இருக்கும். அலகின் பக்கங்களில் சாம்பல் நீலமும் தெரியும். வலசை வந்த புதிதில் கூட்டம் முழுவதும் பெடைகள்போலத் தோன்றினால் அலகைப் பாருங்கள்.
– இ.ரா.

பெடையைப் பிரிந்துபோகும் ஆண் என்றதும் குறுந்தொகை 57 நினைவுக்கு வந்தது. இணைக்கு இடையில் ஒரு பூ வந்தாலே ஓர் ஆண்டு பிரிந்ததுபோல் வருந்தும் ‘நீருறை மகன்றில்’ பறவை. மகன்றிலை வாத்து என்பவர்கள் உண்டு. ஊசிவால் வாத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. இது குளிர்காலத்தில் துணை தேடி, முட்டையிட்டதும் பிரிகிற இனம்.
– வ.

எல்லோருக்கும் நன்றி. ‘மங்குகோலம்’ என்று வைக்கிறேன். வினைத்தொகை, மங்கிய, மங்குகின்ற, மங்கும் என மூன்று காலமும் அடங்கும். மங்கலத்தோடும் குழம்பாது. ‘ஆண்’ அப்படியே இருக்கும்.
– செ.

எனக்குச் சம்மதம். மங்கு சனியை யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.
– வ.

எனக்கும்.
– இ.ரா.

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மங்குதல் என்றால் இருந்த நிறம் வெளுத்துப்போவது. இங்கே பழைய இறகு வெளுக்கவில்லை. அது விழுந்து, பழுப்பிறகு புதிதாக முளைக்கிறது. அந்த வேறுபாட்டை மங்குகோலம் அழித்துவிடுகிறது. அடிக்குறிப்பிலாவது இதை எழுதுங்கள், அம்மா. என் கட்டுரைகளில் நான் கரந்துறை கோலம் என்றே எழுதுவேன்.
– ந.மு.